கஜபதிப் படலம்

பருத்திப்பட்டைத் தாண்டிப் பூந்தமல்லி போகிற சாலையில் இருக்கிறது ஞானப்பேரொளி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அந்த இடத்தில் முன்பு செங்கல் சூளை இருந்தது. சூளை வைத்திருந்த கஜபதிதான் இப்போது வேந்தர். அந்தக் காலத்தில் கல் சரியாக வேகாமல் போனால் விறகை நனையவிட்ட தன் மச்சானை ஒன்றும் சொல்ல மாட்டாராம். மண் சுமந்தவளைக் கூப்பிட்டுக் கூலியைப் பிடிப்பாராம். கல்வித்துறைக்கு வந்த பிறகும் மனிதர் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த விதத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அங்கே இயற்பியல் துறையில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் ஹெலினா. நெமிலிச்சேரிப் பெண். அப்பா ஜோசப்ராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஹெலினாவின் வேலை, சூரிய மின்தகடுகளுக்கு ஆகும்படி கண்ணாடிச் சில்லின் மேல் மெல்லிய படலம் பூசுவது. தலைமுடியை ஆயிரம் இழையாகக் கிழித்தால் ஓர் இழை என்ன கனம் இருக்குமோ, அந்தக் கனம். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கையுறை இல்லாமல் ஒரு சில்லைத் தொட்டதில்லை. ஆய்வேட்டில் எல்லாம் முடிந்து ஒரே ஒரு கேள்வி பாக்கி நின்றது. அந்தப் படலம் தன் எலெக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது கேள்வி. அது இல்லாத ஆய்வேடு முந்தானை இல்லாத புடவை. பதிவுக்காலம் அடுத்த வருடக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடமும் ஆற்றோடு போகும்.

பதில் சொல்லக்கூடிய கருவி ஒன்று உண்டு. உள்ளே காற்றே இல்லாத ஓர் எஃகுப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் படலத்தை வைத்து, ஹீலியம் விளக்கிலிருந்து புற ஊதா ஒளியை அதன்மேல் விழச் செய்வார்கள். ஒளி பட்டதும் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும். எந்த ஆற்றலோடு எத்தனை வந்தன என்று எண்ணினால் ஒரு வளைகோடு கிடைக்கும். பதில் அந்த வளைகோட்டில் இருக்கும்.

சங்கடம் என்னவென்றால், இந்தக் கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். சில அணு அடுக்கு ஆழம், அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஒரு விரல் பட்டால் போதும், படலம் மறைந்து விரலின் எண்ணெய்ப் பசைதான் தெரியும். பானையைத் திறந்தாலும் ஆபத்து. காற்றின் ஈரம் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெப்பப் பட்டை சுற்றி, அலுமினியத் தாள் போர்த்தி, நாள்கணக்கில் சூடேற்றி ஈரத்தை விரட்டினால்தான் மறுபடி வேலைக்கு ஆகும். இதை ஹெலினா அம்மாவிடம் சொன்னபோது, சகாயம்மாள் கிறிஸ்துமஸ் கேக்கைத்தான் நினைத்துக்கொண்டாள்.

"கேக்கும் அப்டித்தான்டி. சும்மா சும்மா தொறந்து பாத்துகினு இருந்தா அமுங்கிப்பூடும்."

இந்த அளவுக்குப் புரிந்துகொண்ட ஒரு நபர் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கருவி வந்ததற்கு ஹெலினா காரணமல்ல. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, விலை உயர்ந்த கருவி இருந்தால் மதிப்பெண் ஏறும் என்று யாரோ வேந்தரின் காதில் போட்டார்கள். வந்து இறங்கிவிட்டது. ஆனால் ஹெலினாவின் வழிகாட்டிப் பேராசிரியர் உத்தமன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. உனக்காகத்தான்மா நான் மேலே போய் மன்றாடினேன், இந்த மெஷினில் முதல் சாம்பிள் உன்னோடதுதான், இது என் வாக்கு என்றார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு நெமிலிச்சேரி வீட்டுக்கு வந்து சகாயம்மாள் கையால் பிரியாணி சாப்பிட்டு, உங்க பொண்ணு எனக்கும் பொண்ணு என்று ஜோசப்ராஜின் தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

தொடக்க விழாவன்று கருவி நிறுவனத்தின் பொறியாளர் வினோத் பவ்யமாக விளக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று வேந்தர் கேட்டார். ஒன்றுமே இல்லை சார், காற்றுகூட இல்லை, அதுதான் இதன் சிறப்பு என்றார் வினோத்.

வேந்தரின் முகம் மாறியது. "ஒண்ணுமே இல்லாததுக்கா இத்தினி கோடி குடுத்துகீறோம்? தொறய்யா, பாத்துறலாம்."

வினோத் உத்தமனைப் பார்த்தார். உத்தமன் கூரையைப் பார்த்தார். பானை திறக்கப்பட்டது. வேந்தர் டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டு, நிதானமாகப் பார்த்து, ஆமாய்யா, சுத்தமா ஒண்ணுமில்ல, நாணயமான கம்பெனிதான் என்று திருப்தியோடு நிமிர்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அதுவரை பானையில் இல்லாத காற்று அந்த நேரத்தில்தான் உள்ளே போய் நிறைந்திருந்தது.

அன்றிலிருந்து அது மரபாகிவிட்டது. யார் பல்கலைக்கழகத்துக்கு வந்தாலும் ஒன்றுமில்லாததைத் திறந்து காட்ட வேண்டும். சின்னத்திரை நடிகை வந்தார், கூட்டுறவு வங்கித் தலைவர் வந்தார், வேந்தரின் சம்பந்தி இரண்டு தடவை வந்தார். முதல் தடவை சரியாகத் தெரியவில்லையாம். மூடியின் திருகுகளைக் கழற்றத் தங்க முலாம் பூசிய ஸ்பேனர் ஒன்று செய்து, அதை வெல்வெட் துணி விரித்த தாம்பாளத்தில் ஏந்தி வரவும், பின்னால் இரண்டு மாணவிகள் பூத் தூவவும் சுற்றறிக்கை வந்தது. முதல் மாதம் தலையில் அடித்துக்கொண்ட வினோத், அடுத்த மாதம் தாம்பாளம் ஏந்தப் பழகிக்கொண்டார். மனிதருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதல்லவா.

ஹெலினா சூடேற்றுவாள். நாள்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து காற்று குறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னும் ஒரு நாள் போதும் என்று இருக்கும்போது மேளச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து.

வேறு ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் அளந்து வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். சொந்த ஊட்டுல சோறு வச்சுகினு பக்கத்து ஊட்டுல கையேந்துறதா என்று வேந்தர் கொதித்துவிட்டாராம். உத்தமன் வந்து சொன்னார். கொஞ்சம் பொறும்மா, நான் இருக்கேன்ல என்றும் சொன்னார். அந்த 'நான் இருக்கேன்ல' அவளுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வளாகத்தில் உள்ள எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பேருந்துக்கு, ஜெனரேட்டருக்கு, துணைவேந்தரின் கணினிக்கு. கேட்டில் கட்டியிருக்கும் நாய்க்கும் வைப்பார்கள், பாவம் அதுவும் உழைக்கிறது. எஃகுப் பானையின் வெளிப்பக்கம் அலுமினியத் தாளால் மூடியிருந்தது. பளபளவென்ற தாளில் சந்தனம் நிற்காமல் வழிந்தது. வேந்தருக்கு அது அபசகுனமாகப் பட்டது. அப்படீன்னா உள்ள வச்சுறலாம் என்றார்.

ஹெலினா ஒரு அடி முன்னே வைத்தாள். உத்தமன் அவள் காதருகே குனிந்தார். "நீ பேசாதம்மா. உன் பேரு ஹெலினா. நீ வேண்டாம்னு சொன்னா, அது பிசிக்ஸ்னு எவன் நம்புவான்? நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டது இப்படித்தான். பூஜையில் கருவிக்குள் வெறும் மேடை இருந்தால் புகைப்படத்துக்கு நன்றாக இராது என்று, காற்றுப் புகாத பெட்டியில் ஹெலினா வைத்திருந்த சில்லுகளிலேயே ஆகச் சிறந்ததை அவளைக் கேட்காமல் எடுத்து வந்து உள்ளே வைத்திருந்தார். வேந்தர் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு அந்தச் சில்லின் நடு நெற்றியில் வட்டமாக வைத்தார். அதன் மேல் குங்குமம். கேமரா மின்னியது. முதல் சாம்பிள் உன்னோடதுதான் என்று சொல்லியிருந்தார் அல்லவா, வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

ஹெலினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உத்தமன் கைக்குட்டையை எடுத்துச் சில்லைத் துடைத்து, பாரும்மா, இப்போ ஒன்றும் தெரியவில்லையே என்றார். கண்ணுக்குத் தெரியவில்லைதான்.

அடுத்த வாரம் மத நல்லிணக்கம் என்ற பெயரில் நெமிலிச்சேரி பங்குச் சாமியாரையும் அழைத்து, அதே பானைக்குள் தீர்த்தம் தெளிக்க வைத்தார்கள். சகாயம்மாள் பூரித்துப்போய் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஹெலினா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

அந்தக் கோலத்தில் இருந்த கருவியைத்தான் தர மதிப்பீட்டுக் குழு வந்தபோது உத்தமன் இயக்கிக் காட்டினார். பூஜை செய்த சில்லு அப்படியே உள்ளே இருந்தது. திரையில் வளைகோடு வந்தது. வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வரக் கூடாத இடத்தில் தொப்பை விழுந்த மாதிரி ஒரு மேடு. இது என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். உத்தமன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, இது இதுவரை உலகில் யாரும் பார்த்திராத ஒரு மேற்படலம், தானாகவே உருவாகிறது என்றார். வேந்தரின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். பெயர் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. கஜபதிப் படலம்.

எல்லாரும் போன பிறகு ஹெலினா அவர் அறைக்குப் போனாள்.

"சார், அது சந்தனம்."

"தெரியும்மா," என்றார் உத்தமன், கதவைச் சாத்திக்கொண்டே. "எனக்குத் தெரியாதா? ஆனா சந்தனம்னு சொன்னா, பூசினது யாருன்னு அடுத்த கேள்வி வரும்."

அவருக்குத் தெரியாது, விளக்கிச் சொன்னால் திருத்திக்கொள்வார் என்று நினைத்துத்தான் அவள் போயிருந்தாள். தெரிந்தே செய்கிறவரிடம் என்னத்தை விளக்குவது? சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பட்டாபிராம் வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள்; இடம் காலியாக இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் வரிசையில் முதலில் வேந்தர், பிறகு துணைவேந்தர், பதிவாளர், வேந்தரின் மகன் அஸ்வின், கடைசியில் உத்தமன். அஸ்வின் உணவக மேலாண்மை படித்தவன். ஹெலினாவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. அங்கே தடையில்லாமல் மின்சாரம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பாராட்டு விழாவில் வேந்தர் மேடைத் தமிழில் முழங்கினார். "நான் அதிகம் படித்தவன் அல்லன். படிக்காமலே கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் இந்தப் பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டியிருக்கிறது." பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அந்த வருடக் கல்விக் கட்டணத்தைக் கட்டியிருந்தவர்கள்.

வேந்தர் சில்லின் மேல் விரல் வைக்கும் அந்தப் புகைப்படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஆய்வக வாசலில் மாட்டினார்கள். கஜபதிப் படலத்துக்கு ஒரு பட்டயப் படிப்பு தொடங்கினார்கள். அதைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பானை திறந்துகொண்டே இருந்தது. ஹெலினாவிடம் மிச்சமிருந்த சில்லுகள் பெட்டிக்குள்ளேயே காத்துக்கிடந்தன. அந்த வருடமும் ஓடிவிட்டது.

பிறகுதான் வந்தது வினை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதே கருவி வைத்திருப்பவர்கள், நாங்கள் எத்தனை முறை செய்தாலும் கஜபதி வரவில்லையே, உங்கள் பரப்பு அழுக்காக இருந்ததோ என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். கட்டுரையை வெளியிட்ட இதழும் விளக்கம் கேட்டது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி; சில்லைச் செய்தது யார் என்பதுதான் குழு கேட்ட முதல் கேள்வி. அதுவரை எங்குமே இல்லாத ஹெலினாவின் பெயர் அன்றுதான் முதல் முதலாக எல்லார் வாயிலும் வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் உத்தமன் வந்தார். பிரியாணி சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு ஜோசப்ராஜைப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, நாளை மறுநாள் குழு முன்னால் ஹெலினா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கையுறை போடாமல் தொட்டுவிட்டேன் என்று. விஷயம் முடிந்துவிடும். அந்த ஒரு அளவு இல்லாமலேயே ஆய்வேட்டை ஏற்கும்படி நானே கையெழுத்துப் போடுவேன், பொங்கலுக்குள் உங்கள் பெண் டாக்டர்.

ஹெலினா அப்பாவைப் பார்த்தாள். ஜோசப்ராஜுக்குக் கருவி தெரியாது, சந்தனம் தெரியாது, உத்தமனைத் தெரியும்.

"சார் இத்தினி வருசம் நமக்கு நல்லது தானே செஞ்சுகீறாரு," என்றார் அவர். "சொல்றதச் செய்யும்மா."

உத்தமன் ஹெலினாவின் தலையில் கை வைத்து, நான் இருக்கேன்ல என்றார்.

குழு கூடியது. நடுவில் வேந்தர், பக்கத்தில் துணைவேந்தர், ஓரத்தில் உறுப்பினராக உத்தமன். ஹெலினா நின்றுகொண்டு, ஆமாம் சார், கையுறை இல்லாமல் தொட்டேன் என்றாள். வாழ்க்கையில் அவள் ஆய்வகத்தைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. குழு அவளுடைய நேர்மையைப் பாராட்டியது. அரை நிமிடம் பாராட்டிவிட்டு, வெறுங்கையால் தொடுகிற ஒருவருக்கு இந்தப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தால் உலகம் என்ன நினைக்கும் என்று துணைவேந்தர் கவலைப்பட்டார். பதிவை ரத்து செய்வதாக முடிவானது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.

உத்தமன் கை தூக்கினார். முழங்கையை மடக்கி, பாதி உயரம். முழுசாகத் தூக்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ. எண்ணும்போது பாதிக் கையும் ஒரு கைதான்.

வேந்தர் முடிவுரை ஆற்றினார். "பெருமை வந்தால் அது எல்லோருக்கும் சொந்தம். பிழை வந்தால் அது செய்தவருக்கே சொந்தம். இதுதான் நம் ஞானப்பேரொளியின் சமநீதி." பிறகு மேடைத் தமிழை இறக்கி வைத்துவிட்டு, பாத்து போம்மா, வாசல்ல வழுக்கும், தண்ணி ஊத்திகீறாங்க என்றார். கெட்ட மனிதர் இல்லை.

ஹெலினா உத்தமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இந்தத் தடவையும் கூரையைப் பார்த்தார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அறுபடும்போது வலிப்பதைவிட, அந்த ஆளுக்குத் தன் வீட்டில் இரண்டாவது தட்டு சோறு போட்டோமே என்பதுதான் வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே மேளச் சத்தம். யாரோ விருந்தினர். ஆய்வகக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு வேந்தரின் விரலும் அவளுடைய சில்லும் மாட்டியிருந்தன. குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் விசாரணைக்கு வந்திருந்தார்கள். உள்ளே பானையின் மூடி கழற்றியிருந்தது. வினோத் தாம்பாளத்தோடு நின்றார். விருந்தினர் குனிந்து ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

ஹெலினா பெட்டியிலிருந்து தான் கடைசியாகச் செய்த சில்லை எடுத்து வந்து பானைக்குள் இருந்த மேடையில் வைத்தாள். வழக்கம்போலக் கையுறையோடுதான். வைத்துவிட்டு, வலது கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். பின்னாலேயே ஓடி வந்த உத்தமன் கதவருகில் நின்றுவிட்டார்.

"ஹெலினா, வேணாம்மா."

"செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கிட்டேன் சார்," என்றாள். "தப்பையாவது செஞ்சிட்டுப் போறேன்."

உள்ளங்கை முழுவதையும் அந்தச் சில்லின் மேல் வைத்து அழுத்தினாள். கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருடத்தில் அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இது ஏதோ புதுச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து விருந்தினர் கைதட்டினார். வினோத் வழக்கம்போல மூடியைப் போட்டுத் திருகினார். இதழுக்கு விளக்கம் அனுப்பியாக வேண்டும் என்பதால் அதற்கடுத்த வாரம் கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். வளைகோடு வந்தது. வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வரக் கூடாத இடத்தில் அதே தொப்பை மேடு. எண்ணெய்ப் பசை யாருடையதானாலும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். துணைவேந்தர் உத்தமனைக் கட்டிக்கொண்டார். கஜபதிப் படலம் மறுபடியும் நிரூபணமாகிவிட்டது. பிழையே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதால் விசாரணைக் குழு கலைக்கப்பட்டது. ஆனால் குழு எடுத்த முடிவு எடுத்ததுதான், அதைக் கலைக்க விதியில் இடமில்லை என்று பதிவாளர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

பொங்கல் கழித்து ஒருநாள் சகாயம்மாளும் ஹெலினாவும் ஷேர் ஆட்டோவில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரை திரும்பும் இடத்தில் ஆட்டோ நின்றது. எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் பேனர். நடுவில் அந்த வளைகோடு, தங்க நிறத்தில். சுற்றிலும் வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், அஸ்வின். கீழே ஓரமாக, ஆண்டின் சிறந்த வழிகாட்டி விருது பெற்ற பேராசிரியர் உத்தமன் சிரித்துக்கொண்டிருந்தார்.

சகாயம்மாள் வளைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல இன்னாடி அது, மல மாதிரி?"

"என் கை அழுக்கும்மா."

சகாயம்மாள் மகளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"வர்ற கிறிஸ்மஸுக்கு அந்தாளு வந்தா," என்றாள், "ஊட்டுல ஒண்ணுமில்லன்னு பானையத் தொறந்து காட்டறேன்."

ஆட்டோ கிளம்பியது.